கணினி வேகமான மதியம்

இதை நம்புங்கள் என்று யாரையும் நான் கேட்கப்போவதில்லை. நான் மின்பொறியியல் படித்தவன். எந்தப் பழுதுக்கும் ஒரு காரணம் உண்டு என்று சொல்லியே சம்பளம் வாங்குகிறவன். இந்த ஒன்றுக்கு மட்டும் காரணம் கிடைக்கவில்லை. நாள், மணி, நிமிடம் எல்லாம் குறித்து வைத்திருக்கிறேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன். நானாக எதையும் சேர்க்கவில்லை.

என் மனைவி நீடியா புகைப்படக்காரி. கல்யாணம், ஞானஸ்நானம், பெண்பிள்ளைகளின் பதினைந்தாம் பிறந்தநாள் விழா. எங்கள் ஊரான லூக்கேயில் பல வீட்டுக் கூடங்களில் அவள் எடுத்த படங்கள் தொங்குகின்றன. பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை, அராசெலி என்ற பெண்ணின் பிறந்தநாளைப் படம் எடுக்கப் போனாள். ஞாயிறு காலை காய்ச்சல் வந்தது. டெங்கு என்றார்கள். வியாழன் விடிகாலை 4:10க்கு இறந்தாள். வயது இருபத்தொன்பது.

வெள்ளிக்கிழமை அடக்கம். அன்று மாலையே வீட்டில் ஒன்பது நாள் ஜெபம் தொடங்கியது. கூடத்தில் வெள்ளைத் துணி விரித்த படிப்படியான பீடம், மேலே சிலுவை, இருபுறமும் மெழுகுவர்த்திகள். என் மாமியார் சுனில்டா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டார். அவர் சொன்ன இடத்தில் நான் உட்கார்ந்தேன். கொடுத்ததைக் குடித்தேன்.

அன்றைக்கே அத்தை எங்கள் வீட்டுக் கண்ணாடிகளை எல்லாம் துணியால் மூடினார். குளியலறைக் கண்ணாடி, அலமாரிக் கண்ணாடி. பிறகு படுக்கை விரிப்பு ஒன்றை எடுத்துக்கொண்டு நீடியாவின் வேலை அறைக்குள் போனார். அங்கே இருந்தது பெரிய கணினித் திரை மட்டும்தான்.

"அது கண்ணாடி இல்ல அத்தை."

"அதுல மூஞ்சி தெரியுதா?"

"அணைச்சிருந்தா தெரியும்."

"அப்ப கண்ணாடிதான். படிச்சவன்னு பேரு." விரிப்பைப் போர்த்தினார். குனிந்து மின்வயரையும் பிடுங்கிச் சுருட்டி இழுப்பறையில் வைத்தார். "ஒன்பது நாள் முடியுற வரைக்கும் யாரும் துணியை எடுக்கக் கூடாது. போற வழியில பிள்ளை மாட்டிக்குவா."



பிரச்சினை வேறொன்றில் வந்தது. பீடத்தில் வைக்க நீடியாவின் படம் இல்லை. ஊரையே படம் எடுத்தவளுக்குச் சொந்தமாக ஒரு படம் இல்லை. யாராவது அவளை எடுத்தால் போனைப் பிடுங்கி அழித்துவிடுவாள். எங்கள் பதிவுத் திருமணத்தில் எடுத்த ஒரே படத்திலும் சிரிப்பை அடக்க முடியாமல் கையால் வாயை மூடியிருக்கிறாள். கடைசியில் அடையாள அட்டையில் இருந்த படத்தைப் பெரிதாக்கி வைத்தோம்.

அத்தை அதை நிமிர்ந்து பார்த்தார். "பஸ்ல பர்ஸ் அடிச்சு மாட்டினவ மாதிரி இருக்கா. இதைக் கல்லறையில பதிச்சோம்னு வை, எந்திரிச்சு வந்து என்னை உதைப்பா." சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர் அப்படியே முகத்தை மூடிக்கொண்டார்.

கல்லறைக்கான படத்தை ஒன்பதாம் நாள் ஜெபத்தில் வைத்து மந்திரித்து எடுத்துப் போக வேண்டும். அதற்குள் ஒரு நல்ல படம் வேண்டும்.

எனக்கும் வேண்டியிருந்தது. ஐந்தாம் நாளே அவள் முகம் எனக்கு மங்க ஆரம்பித்துவிட்டது. நெற்றி நினைவிருந்தது. மூக்கு நினைவிருந்தது. வாய் நினைவில் இல்லை.

ஐந்தாம் நாள், செவ்வாய். மதியம் 1:20. வெளியே நாற்பத்தொரு டிகிரி வெயில். இங்கே அந்த நேரத்தில் தெருவில் நாய்கூட நடக்காது. கடைகள் மூடியிருக்கும். வீடுகள் தூங்கும். அத்தை தாழ்வாரத்துத் தொங்கு கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தார்.

நான் வேலை அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். நிறம் சரியாகத் தெரிய வேண்டும் என்று அந்த அறையை நீடியா எப்போதும் இருட்டாகவே வைத்திருப்பாள். சாம்பல் நிறச் சுவர். கனமான கறுப்புத் திரைச்சீலை. மட்ட மத்தியானத்திலும் உள்ளே இரவுதான்.

விரிப்பை விலக்கினேன். வயரைச் செருகினேன்.

கல்யாண வீடுகளில் அலமாரிக் கண்ணாடி இருக்கும், ஜன்னல் இருக்கும், காரின் பக்கவாட்டுக் கண்ணாடி இருக்கும். எங்கேயாவது அவள் பிம்பம் விழுந்திருக்கும். அப்படித்தான் நினைத்தேன். கடைசி வேலையிலிருந்து பின்னோக்கித் தேடலாம் என்று அராசெலியின் கோப்புறையைத் திறந்தேன்.

கணினி நகரவில்லை.

அது எனக்குத் தெரிந்த விஷயம்தான். சனிக்கிழமை விழா முடிந்து வந்து, இரவு பத்து மணி வரை நீடியா இதன் முன்னால்தான் உட்கார்ந்திருந்தாள். "டெர்லிஸ், இது ரொம்ப இழுக்குது. என்னன்னு வந்து பாரேன்" என்றாள். "நாளைக்குப் பாக்குறேன்" என்றேன். நாளைக்கு அவளுக்குக் காய்ச்சல்.

எனவே பழுது பார்க்க உட்கார்ந்தேன். அது ஒன்றுதான் எனக்குச் செய்யத் தெரியும்.

கேமரா பதிவு செய்த மூலப் படங்கள் அவை. ஒவ்வொன்றும் ஐம்பது எம்.பி. வட்டு கிட்டத்தட்ட நிறைந்திருந்தது. தேவையில்லாததை வெளி வட்டுக்கு மாற்றினேன். தற்காலிகக் கோப்புகளை அழித்தேன். தேவையில்லாமல் ஓடிய நிரல்களை நிறுத்தினேன். அரை மணி நேர வேலை. பிறகு மற்ற கோப்புறைகளைத் திறந்து பார்த்தேன். கல்யாணங்கள் எல்லாம் ஒரு விநாடியில் திறந்தன. அராசெலியின் விழாப் படங்களும் திறந்தன. நடனம், கேக், கார்.

ஒன்பது படங்கள் மட்டும் உடனே திறக்கவில்லை. அராசெலியின் அறையில் எடுத்தவை. ஒவ்வொன்றும் நான்கு நிமிடம் எடுத்தது. திறந்த பிறகு பார்த்தால் ஒன்றுமில்லை. வெளிர்நீலச் சுவர். ஒரு கட்டிலின் ஓரம். அவ்வளவுதான்.

ஆளில்லாத சுவரை எதற்கு ஒன்பது முறை எடுத்தாள்?

2:35க்கு அத்தை இருமும் சத்தம் கேட்டது. அணைத்துவிட்டு விரிப்பைப் போர்த்தினேன்.

ஆறாம் நாள், புதன். நெரியை வரச் சொன்னேன். நீடியாவின் சித்தப்பா மகன். கணினி பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறான். பனிக்கட்டி போட்ட தெரெரே மூலிகைத் தேநீர்க் குடுவையோடு 1:15க்கு வந்தான். அத்தை தூங்குகிறாரா என்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் அறைக்குள் நுழைந்தான்.

"பெரியம்மா பாத்தாங்கன்னா எனக்கும் சேத்து இன்னைக்கே ஜெபம் வெச்சுடுவாங்க மச்சான்."

"அஞ்சு நிமிஷம்தான்."

"இந்த டப்பாவை வெச்சுக்கிட்டு எப்படித்தான் வேலை பாத்தாளோ! எஞ்சினியர் புருஷன் வேற. செருப்பு தைக்கிறவன் பொண்டாட்டி வெறுங்காலோட நடந்த கதைதான்."

"நெரி..."

"சரி சரி. உறிஞ்சு." குவளையை என்னிடம் நீட்டிவிட்டு உட்கார்ந்தான்.

நீடியா படம் திருத்தும் நிரல் மூலப் படத்தைத் தொடுவதே இல்லை. நாம் செய்யும் மாற்றங்களை மட்டும், படத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன எழுத்துக் கோப்பில் குறித்துக்கொள்ளும். நெரி அந்த ஒன்பது கோப்புகளின் அளவைப் பார்த்தான். உதட்டைப் பிதுக்கினான்.

"இது துணுக்கு மாதிரி இருக்கணும் மச்சான். இங்க ஒவ்வொண்ணும் அகராதி மாதிரி இருக்கு." ஒன்றைத் திறந்தான். "அதான பாத்தேன். பரு, தழும்பு மறைக்கிற தூரிகை இருக்குல்ல? ஒரு பருவுக்கு ஒரு தொடல். ஒரு மூஞ்சிக்கு இருபது போதும். இதுல... நாலாயிரத்து முந்நூறு. எல்லாம் ஒரே இடத்துல. சுவத்துல என்ன பரு? இதைத் தூக்கிட்டுத்தான் உன் கம்ப்யூட்டர் மூச்சு வாங்குது."

"எதையோ மறைச்சிருக்கா."

"எதை?"

எனக்குச் சட்டென்று புரிந்தது. "அவளையே. கண்ணாடியில அவ விழுந்திருப்பா. அவளுக்குத்தான் பிடிக்காதே."

நெரி கோப்பின் கடைசி வரிகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒவ்வொரு தொடலுக்கும் தேதியும் நேரமும் இருந்தன.

"இவளை என்னைக்கு அடக்கம் பண்ணோம்?"

"வெள்ளிக்கிழமை. நீதானே தூக்கின?"

"இங்க சனிக்கிழமை மத்தியானம் இருக்கு மச்சான். 1:41 முதல் 2:30 வரைக்கும். ஞாயிறு இருக்கு. திங்கள் இருக்கு."

"அப்போ வயரே செருகல."

"தெரியும். பெரியம்மா பிடுங்கினப்ப நான் அங்கதான் நின்னேன்."

குவளையில் பனிக்கட்டி இடிந்தது. இருவரும் அதைப் பார்த்தோம்.

நெரி எழுந்தான். விரிப்பை எடுத்து அவனே திரைமேல் போர்த்தினான். "இன்னும் மூணு நாள்தான். மூடியே வை. நான் பாத்ததா யார்கிட்டயும் சொல்லாத."

தெரெரே குடுவையை மறந்துவிட்டுப் போய்விட்டான். அவன் அதை மறந்து நான் பார்த்ததில்லை.

நான் பயப்பட்டிருக்க வேண்டும். பயம் வரவில்லை. இறந்த பிறகும் தன் படத்தை அழித்துக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்தேன். அவள் குணம் அது. கோபம்கூட வந்தது. ஒரு படம்... எனக்கு ஒரே ஒரு படம். அதைக்கூட விட்டுவைக்க மாட்டாளா?

ஏழாம் நாள், வியாழன். அவள் இறந்து சரியாக ஒரு வாரம்.

1:30. விரிப்பை விலக்கினேன்.

1:34. முதல் படத்தைத் திறந்தேன். அதிலிருந்த தொடல்கள் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து நீக்கினேன்.

சுவர் கலங்கியது. மீண்டும் தெளிந்தது.

நீடியா நின்றிருந்தாள்.

சாம்பல் சட்டை. தூக்கிக் கட்டிய முடி. இரண்டு கையிலும் கேமரா. கேமரா முகத்தை மறைத்திருந்தது. பின்னால் வெளிர்நீலச் சுவர். கண்ணாடியில் தன்னையே எடுத்திருக்கிறாள்... நான் நினைத்தது சரி.

எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று தெரியாது. அவள் விரல்களைப் பார்த்தேன். நகங்களைப் பார்த்தேன்.

1:39. இரண்டாம் படம். நீக்கினேன். அதே இடம், அதே நிலை. கேமரா கொஞ்சம் கீழே இறங்கியிருந்தது. புருவம் தெரிந்தது.

திறக்கும் முன்பே தொடல்களை நீக்கியதால் அடுத்தவை உடனே திறந்தன. மூன்றாவதில் கண் இமை. நான்காவதில் கண்கள்.

படத்துக்குப் படம் கேமரா இறங்கிக்கொண்டே வந்தது. ஒன்பதாவதில் முழு முகமும் இருக்கும். வாயும் இருக்கும்.

1:41. கணினியின் விசிறி உறுமத் தொடங்கியது.

நான் எதையும் தொடவில்லை. கை மடியில் இருந்தது.

முதல் படத்துக்குத் திரும்பிப் பார்த்தேன். அவள் தோளில் ஒரு வட்டம் விழுந்தது. ஒரு நாணயம் அளவு. அந்த இடத்தில் சுவர் வந்தது. பக்கத்தில் இன்னொரு வட்டம். இன்னொன்று.

டிக்... டிக்... டிக்...

சுட்டியின் சத்தம் கேட்டது. சுட்டி அசையவில்லை.

நீக்கினேன். திரும்ப விழுந்தன. முன்னைவிட வேகமாக. ஒழுங்கில்லாமல், அவசர அவசரமாக. நீடியா அப்படி வேலை செய்யமாட்டாள். அவள் கை நிதானமானது.

"நீடியா," என்றேன். "ஒண்ணே ஒண்ணு. உங்கம்மாவுக்கும் வேணும்டி."

டிக்டிக்டிக்டிக்...

1:49. நான் ஒரு பொறியாளன் செய்வதைச் செய்தேன். ஒன்பது படங்களையும் வேறு வட்டுக்கு நகர்த்தினேன். பக்கத்திலிருந்த அந்த எழுத்துக் கோப்புகளை அழித்தேன். அந்த இடத்தில் யாரும் எதையும் எழுத முடியாதபடி பூட்டினேன்.

வட்டங்கள் நின்றன.

திரையின் நடுவில் ஒரு பெட்டி வந்தது. 'மாற்றத்தைச் சேமிக்க முடியவில்லை. எழுத அனுமதி இல்லை.'

சரி என்று அழுத்தினேன்.

உடனே இன்னொன்று வந்தது. 'எழுத அனுமதி இல்லை.'

சரி.

'எழுத அனுமதி இல்லை.'

சரி.

மொத்தம் நாற்பத்தொரு முறை. எண்ணினேன். கடைசிச் சிலவற்றுக்கு இடையே நேரம் கூடிக்கொண்டே போனது. பத்து விநாடி... இருபது... ஒரு நிமிடம்...

1:58. பிறகு வரவில்லை.

விசிறி அடங்கியது.

அறைக்குள் திடீரென்று யாருமே இல்லாதது போல இருந்தது. அதற்கு முன்னால் யாரோ இருந்தது அப்போதுதான் உறைத்தது.

ஒன்பதாவது படத்தைத் திறந்தேன். நொடியில் திறந்தது.

கேமரா இடுப்புக்கு இறங்கியிருந்தது. முழு முகம். நேராக என்னைப் பார்த்தாள்.

சிரித்தாள். பல் எல்லாம் தெரிய.

எட்டாம் நாள் அதை அச்சுக்குக் கொடுத்தேன். ஒன்பதாம் நாள் மாலை ஆறு மணிக்குப் பீடத்தின் உச்சிப்படியில் வைத்தோம். நாற்பது பேர் வந்திருந்தார்கள். நெரி வாசலிலேயே நின்றுகொண்டான். எல்லோரும் மண்டியிட்டு அதைப் பார்த்து ஜெபம் சொன்னார்கள். பிறகு சீப்பா ரொட்டியும் காபியும் கொடுத்தோம்.

அத்தை படத்தைக் கையில் எடுத்து முத்தமிட்டார். "எங்கடா இருந்துச்சு இது? இப்படி வாய் நிறைய அவ சிரிச்சு நான் பாத்ததே இல்லையே." கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, "நான்தான் பாத்ததில்ல போல," என்று தனக்குள் சொல்லிக்கொண்டார்.

அன்று இரவு எல்லாக் கண்ணாடிகளிலிருந்தும் துணியை எடுத்தார்கள். படத்தைக் கல்லறைக்குக் கொண்டுபோவதைத் திங்கட்கிழமை வைத்துக்கொள்ளலாம் என்று கூடத்துச் சுவரில் மாட்டினேன்.

ஞாயிறு காலை பத்து மணி. பாசிலியா வந்தார். அராசெலியின் தாய். விழாப் படங்களை வாங்கிப்போக மகளையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார்.

"துக்க வீட்டுல வந்து கேக்குறோமேன்னு நினைக்காத தம்பி. இவ அப்பன் ஸ்பெயின்ல இருந்து தினமும் படம் எங்க, படம் எங்கன்னு போன்ல நச்சரிக்கிறான்."

"பரவாயில்லக்கா. தயாரா இருக்கு."

பாசிலியா சுவரில் மாட்டியிருந்த படத்தைப் பார்த்தார். "எங்க வீடுதானே இது? பிள்ளையோட ரூம்."

"ஆமாக்கா. அங்க கண்ணாடியில அவளே எடுத்துக்கிட்டது."

"எந்தக் கண்ணாடி?"

"ரூம்ல இருக்கிற கண்ணாடி."

"அந்த ரூம்ல கண்ணாடியே கிடையாதே தம்பி. இவ கண்ணாடி வேணும் கண்ணாடி வேணும்னு ஒரு வருஷமா என் உயிரை வாங்குறா. அன்னிக்குக்கூட என் ரூம்ல வந்துதான் அலங்காரம் பண்ணிக்கிட்டா. அது வெறும் சுவரு."

அப்போதுதான் அராசெலி வாசற்படியைத் தாண்டி உள்ளே வரவே இல்லை என்று கவனித்தேன். படத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சொல்லும்மா," என்றேன்.

"நீடியா அக்கா என்னைக் கட்டில்ல உக்கார வெச்சு எடுத்துட்டு இருந்தாங்க. திடீர்னு எனக்குப் பின்னாடி இருந்த சுவத்தைப் பாத்தாங்க. என்னை விட்டுட்டு அதையே எடுத்தாங்க. எடுத்துக்கிட்டே பின்னாடி நடந்தாங்க. நான் சிரிச்சேன். சுவத்தை எதுக்குக்கா எடுக்குறீங்கன்னு கேட்டேன்."

"என்ன சொன்னா?"

"என் கையைப் பிடிச்சு வெளிய இழுத்துட்டு வந்து கதவைச் சாத்தினாங்க. 'அங்க நிக்கிறது நான் இல்ல. நீ பாத்தா நம்பிடாத'ன்னு சொன்னாங்க. விளையாட்டுக்குச் சொல்றாங்கன்னு நினைச்சேன்."

அவர்கள் போன பிறகு படத்தைச் சுவரிலிருந்து கழற்றினேன். கிழித்தேன். கொல்லையில் போட்டு எரித்தேன். வேலை அறைக்கு ஓடி, போட்ட பூட்டை எடுத்தேன். எழுத அனுமதி கொடுத்தேன். எதிரே உட்கார்ந்து காத்திருந்தேன்.

1:41 ஆனது. விசிறி உறுமவில்லை. ஒரு வட்டமும் விழவில்லை.

இது நடந்து எட்டு மாதம் ஆகிறது. தினமும் அதே நேரத்துக்கு அந்தக் கோப்புறையைத் திறக்கிறேன். ஒரு விநாடி தாமதமாகட்டும்... அரை விநாடியாவது தாமதமாகட்டும் என்று பார்க்கிறேன். இல்லை. ஒன்பது படங்களும் தொட்டவுடன் திறக்கின்றன.

அழிப்பதற்கு அந்தப் பக்கம் நீடியா இல்லை. சிரிப்பவள் மட்டும் இருக்கிறாள்.